ஜீப் வராத வாரம்

கள்ளக்குறிச்சி
27 அக்டோபர் 2025

அன்புள்ள தனு அக்காவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். உனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் எழுதுவேன். பாதி உண்மை எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு நீ மலைமேல் உட்கார்ந்து என்ன செய்வாய்?

முதல் உண்மை: தீபாவளிக்கு நீ வராததைப் பற்றி அப்பா வாயைத் திறக்கவில்லை. ஆனால் உனக்கு எடுத்த சுடிதாரை அம்மா பீரோவில் வைக்கப் போனபோது, "வெளியவே இருக்கட்டும், உள்ள வெச்சா மடிப்பு உழுந்துடும்" என்றார். அது இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறது.

இரண்டாவது உண்மை: பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை நூலகத்துக் கணினியில் பார்த்தேன். பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருப்பவர்களுக்கு இந்த டிசம்பர்தான் கடைசி வாய்ப்பு. உனக்கு இருப்பது 'பணமும் வங்கியும்' என்ற ஒரே ஒரு தாள். அதில் தேறினால் நீ பி.ஏ., கூட்டுறவுச் சங்கத்தில் உன் வேலையும் நிரந்தரம். தேறாவிட்டால் மூன்று வருடம் படித்து எழுதிய மற்ற தாள்களும் வீண். மார்ச் முடிந்ததும் உன் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியலில் பணவியல் ஒரு பாடம், வங்கியியல் ஒரு பாடம். இரண்டிலும் நான்தான் வகுப்பில் முதல் மதிப்பெண். ஆகவே உனக்கு நான் சொல்லிக்கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். சிரிக்காதே. உங்கள் ஊரில் டவர் கிடையாது, நம் வீட்டு போன் எப்போதும் அப்பாவின் சட்டைப்பையில். அதனால் கடிதம்தான். சங்கத்து ஜீப் வியாழக்கிழமை பணம் எடுக்க வரும்போது டிரைவர் அய்யப்பன் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன்.

முதல் பாடம் வட்டி. நேற்று வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். "ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி ரெப்போ விகிதம். தற்போது ஐந்தரை சதவீதம்." அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"இன்னாது, அஞ்சரை வட்டியா? எதுத்த வூட்டு குஞ்சம்மாளே மூணு வட்டிக்குத்தான் குடுக்கறா. கவர்மெண்டு அவளுக்கு மேல இருக்குதே!"

"அம்மா, அது வருசத்துக்கு அஞ்சரை."

"வருசத்துக்கா? வருசம் பூரா சேத்தா?" அம்மா கையில் கத்தி அப்படியே நின்றது. "அப்ப குஞ்சம்மாளுது எவ்ளோடி வருது?"

"வருசத்துக்கு முப்பத்தாறு."

"அடிப்பாவி! போன வாரம் கூட மோர் குடுத்தனே அவளுக்கு."

உள்ளேயிருந்து அப்பா, "ரிசர்வ் பேங்கு நம்ம தெருவுல கிளை தொறந்தா அங்கயே வாங்கிக்க" என்றார்.

நம் ஊரில் வட்டி என்றால் மாதத்துக்கு. புத்தகத்தில் வட்டி என்றால் வருடத்துக்கு. கணக்குக் கேள்வி வந்தால் இதை மறந்துவிடாதே.

மக்கள் ஏன் ரொக்கத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு மூன்று நோக்கங்கள் எழுதவேண்டும். மனப்பாடம் செய்யாதே, நம் தெருவை நினைத்துக்கொள். அப்பாவின் சட்டைப்பையில் டீசலுக்கும் உரத்துக்கும் இருப்பது பரிமாற்ற நோக்கம். அம்மா அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருப்பது முன்னெச்சரிக்கை நோக்கம். ராமசாமி பெரியப்பா மக்காச்சோளம் விற்ற பணத்தை வங்கியில் போடாமல், ஆட்டு விலை இறங்கட்டும் என்று காத்திருப்பது ஊக நோக்கம்.

மூன்று தடவை எழுதியும் எந்தக் கேள்வி உன்னைக் கவிழ்த்தது என்று எழுது. அதற்கு நீ எழுதிய விடையையும் நினைவிருக்கும் வரை எழுது.

உன் தங்கை,
சுபஸ்ரீ

---

வெள்ளிமலைக்கு மேல்
5 நவம்பர்

சுபா,

என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மூக்கை ஒழுகவிட்டுத் திரிந்த கழுதை எனக்கு டீச்சர். காலம் அப்படி. அம்மாவின் அரிசி டிரம்மைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் எழுதினால் அம்மா என்னை உயிரோடு விடமாட்டாள். ஆனால் ஒரு தடவை படித்ததும் மூன்றும் மனதில் நின்றுவிட்டன. அதை ஒத்துக்கொள்கிறேன்.

கேட்டாயே, அந்தக் கேள்வி இதுதான்: 'வணிக வங்கிகள் கடனை உருவாக்கும் முறையை விளக்குக.' இருபது மதிப்பெண். மூன்று தடவையும் வந்தது.

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலை செயலாளர் தீனதயாளன் சாரும் அய்யப்பன் அண்ணனும் ஜீப்பில் மலை இறங்குவார்கள். கள்ளக்குறிச்சி வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் மேலே வருவார்கள். நான் பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். வெள்ளிக்கிழமை கதவைத் திறக்கும் முன்பே நகைக்கடனுக்கு ஆட்கள் நிற்பார்கள். ஜீப்பில் வந்தது தீர்ந்ததும் மீதிப் பேரை அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்வோம். "சாமி, உரம் போடற நேரம்மா" என்பார்கள். நான் என்ன செய்யமுடியும்?

புத்தகம் சொல்கிறது, ஆயிரம் ரூபாய் வைப்பு வந்தால் வங்கிகள் கடன் கொடுத்துக் கொடுத்தே அதைப் பத்தாயிரம் ஆக்குமாம். மீதி ஒன்பதாயிரம் எங்கிருந்து வருகிறது? பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஒரு நாளும் உள்ளே வைத்ததைவிட அதிகமாக நான் எடுத்ததில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். வங்கியால் பணத்தை உருவாக்க முடியாது, ஜீப் வந்தால்தான் கடன், மழையில் மலைப்பாதை அடைத்துவிட்டால் கடன் இல்லை. நாலு பக்கம். முழுத் தாளுக்கும் சேர்த்து முப்பத்தொரு மதிப்பெண் போட்டார்கள். நாற்பது வேண்டும்.

அப்பா சொன்னதை நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய். "வட்டிக் கணக்கு எழுதற ஆபீசுல உக்காந்துக்கினு வட்டிப் பாடத்துலயே பெயிலாவறியே, ஊர்ல யார்கிட்ட சொல்றது?" நம் வீட்டு விசேஷத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னால். பாஸ் ஆகாமல் அந்த வீட்டில் சோற்றில் கை வைக்கமாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். சுடிதாரை உள்ளே வைக்கச் சொல். தூசு படியும்.

தனுஷா

---

கள்ளக்குறிச்சி
11 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் விடை தவறு. மதிப்பெண் போட்டவர்மேல் குற்றம் இல்லை.

சரியான விடை இது. ஒருவர் வங்கியில் ஆயிரம் ரூபாய் போடுகிறார். வங்கி நூறு ரூபாயை ரொக்க இருப்பாக வைத்துக்கொண்டு தொள்ளாயிரத்தைக் கடன் கொடுக்கிறது. அந்தத் தொள்ளாயிரம் செலவாகி, அதைப் பெற்ற கடைக்காரர் மூலம் இரண்டாவது வங்கிக்கு வைப்பாக வருகிறது. அது தொண்ணூறை வைத்துக்கொண்டு எண்ணூற்றுப் பத்தைக் கொடுக்கிறது. மூன்றாவது வங்கி எழுநூற்று இருபத்தொன்பது. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் மொத்த வைப்பு பத்தாயிரம். அட்டவணை போட்டு அடியில் கோடு போடவேண்டும். அட்டவணைக்கு மட்டும் ஐந்து மதிப்பெண் என்று லட்சுமியம்மாள் மிஸ் சொல்கிறார்.

லட்சுமியம்மாள் மிஸ் எங்கள் பொருளியல் ஆசிரியை. உன் விடையை அவரிடம் காட்டினேன், எங்கே தவறு என்று கேட்பதற்காக. நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? அவர் அதை வகுப்பில் வாசித்தார். பெயரைச் சொல்லவில்லை, 'ஒரு மாணவி' என்றுதான் சொன்னார். ஜீப் என்று வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். தமிழழகன் எழுந்து, "மிஸ், அப்ப டீசல் வெல ஏறுனா வட்டியும் ஏறுமா?" என்று கேட்டான். மிஸ்ஸும் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அட்டவணையைப் பத்துத் தடவை எழுதிப் பார். அடுத்த வியாழன் நாணயக் கொள்கை அனுப்புகிறேன்.

சுபஸ்ரீ

---

வெள்ளிமலைக்கு மேல்
14 நவம்பர்

சுபஸ்ரீ,

குறிப்புகள் கிடைத்தன. இனி அனுப்பவேண்டாம்.

பந்தியில் அப்பா, வகுப்பில் நீ. இன்னும் யார் பாக்கி?

உனக்கு அரையாண்டுத் தேர்வு வருகிறது. அதைப் பார்.

தனுஷா

---

கள்ளக்குறிச்சி
20 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அய்யப்பன் அண்ணன் ஜீப்பில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "உங்கக்கா ஒண்ணும் குடுக்கலம்மா. நான் கேட்டதுக்கும் ஒண்ணும் சொல்லல. மூஞ்சி சரியில்ல" என்றார். நீ தபாலில் போட்ட கடிதத்தில் அனுப்பவேண்டாம் என்று சொல்லியும் இதை எழுதுகிறேன்.

நான் சிரித்திருக்கக்கூடாது. உன் விடையை உன்னைக் கேட்காமல் காட்டியிருக்கவும் கூடாது. காட்டும்போது என் மனதில் இருந்தது உன் மதிப்பெண் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடும்போது தமிழழகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சுபா, மெய்யாலுமே கேக்கறேன். அந்த ஒம்போதாயிரம் எங்கிருந்து வருது?" என்றான். நான் அட்டவணையைச் சொன்னேன். அவன், "அது தெரியும். எங்கிருந்து வருது?" என்றான். மறுபடியும் அட்டவணையைச் சொன்னேன். மூன்றாவது தடவையும் அதையே கேட்டான். எனக்கு அந்தப் பாடம் தலைகீழாகத் தெரியும், அக்கா. புரியவில்லை. வகுப்பில் யாருக்கும் புரிந்திருக்காது என்று நினைக்கிறேன். நீ ஒருத்திதான் புரியாததைப் புரியவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

அதற்காக மறுபடியும் அப்படியே எழுதிவிடாதே. முப்பத்தொன்றுதான் போடுவார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா, "அய்யப்பன் வந்தானா இன்னிக்கி?" என்று கேட்டார். வந்தார் என்றேன். "மேல மழையாமா?" என்றார். மழைதான் என்றேன். அவ்வளவுதான் கேட்டார். ஆனால் கையைக் கழுவிவிட்டு வந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

நாணயக் கொள்கைக் குறிப்புகளை இத்துடன் வைத்திருக்கிறேன். படிக்காவிட்டாலும் வைத்துக்கொள்.

உன்,
சுபா

---

வெள்ளிமலைக்கு மேல்
3 டிசம்பர்

சுபாவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் பிடித்த மழை. புயல் கரையைக் கடந்த ராத்திரி மலைப்பாதையில் இரண்டு வளைவில் மண் சரிந்துவிட்டது. பஸ் இல்லை, ஜீப் இல்லை, கரண்ட் இல்லை. ஒரு வியாழக்கிழமை போயே போய்விட்டது. நாளைக்குத்தான் அய்யப்பன் அண்ணன் கீழே இறங்குகிறார்.

நான் கோபத்தில் இருந்தேன். இப்போது இல்லை. உனக்கும் புரியவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா, அங்கேயே தணிந்துவிட்டது. அந்த வாரம் படிக்க உட்காரவே முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

புயலில் பழனி அண்ணன் வீட்டுக் கூரை பறந்துவிட்டது. அவருக்குக் கைக்குழந்தை. வெள்ளிக்கிழமை நனைந்துகொண்டே சங்கத்துக்கு வந்து மனைவியின் கம்மலை மேஜைமேல் வைத்தார். "பத்தாயிரம் வோணும் தனும்மா. தகரம் போட்டாத்தான் ராவுக்குப் படுக்கலாம்." பெட்டியில் ஆயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. அதையும் தொடக்கூடாது, ஆஸ்பத்திரி அவசரம் என்று யாராவது வந்தால் வேண்டும் என்று தீனதயாளன் சார் சொல்லியிருந்தார். நான் வழக்கம்போல, "ஜீப் வரட்டும் அண்ணே" என்றேன்.

அவர் நகரவில்லை. கம்மலை எடுக்கவும் இல்லை.

தீனதயாளன் சார் யோசித்துவிட்டு, "தகரம் யார்கிட்ட வாங்கப்போற?" என்றார். இருசப்பன் மாமா கடையில். அந்தக் கடையில் உப்பிலிருந்து தகரம்வரை கிடைக்கும். "தனு, நகைய எடை போடு. கடனைப் பழனி சேமிப்புக் கணக்குல வரவு வை. பாஸ்புக்ல எழுது. நான் இருசப்பனைக் கூப்டறேன்" என்றார்.

எழுதினேன். பத்தாயிரம். பெட்டியைத் திறக்கவில்லை.

இருசப்பன் மாமா தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பார்வை பார்த்தார் பார். "சார், தகரத்தக் குடுத்துட்டு வெறும் எழுத்த வாங்கிக்கினு நான் இன்னா பண்றது? ஊறுகா போடறதா?"

"உனக்குத்தான் இங்க கணக்கு இருக்குதே. பழனி கணக்குலருந்து உன் கணக்குக்கு மாத்திடறோம். ரோடு தொறந்ததும் நோட்டாவே எடுத்துக்க."

"ரோடு தொறக்கறது அப்பறம். சாமை வாங்கன காசு சாலம்மாளுக்கு ஆறாயிரம் தரணும். அவ தெனம் கடை வாசல்ல வந்து உக்காந்துக்கினு இருக்கறா. அவகிட்ட இந்த எழுத்தக் காட்டுனா அடிப்பா."

சாலம்மாள் அப்போது வாசலில்தான் நின்றிருந்தாள், மழைக்கு ஒதுங்கி. "யாருடா அடிக்கறது?" என்று உள்ளே வந்தாள். ஒரே சிரிப்பு. அவளிடமும் சொன்னோம். விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, "எனக்கு எழுத்தும் வோணா, நோட்டும் வோணா. சங்கத்துக்கு நான் கட்டவேண்டிய பயிர்க்கடன் அஞ்சாயிரம் கெடக்குது. அதுல கழிச்சுக்க. மீதி ஆயிரம் பொஸ்தகத்துலயே கெடக்கட்டும், மக வந்தா எடுத்துக்கறேன்" என்றாள்.

நான் எழுதிக்கொண்டே போனேன். பழனியிடமிருந்து இருசப்பனுக்கு, இருசப்பனிடமிருந்து சாலம்மாளுக்கு, சாலம்மாளிடமிருந்து சங்கத்துக்கு. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் பழனி அண்ணன் வீட்டில் தகரம் அடிக்கும் சத்தம் கேட்டது. சாமைக் கடன் தீர்ந்தது. பயிர்க்கடன் தீர்ந்தது. அதற்குப் பிறகு இன்னும் நாலைந்து பேருக்கு இதே மாதிரி செய்தோம். ஊரில் யார் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. பெட்டியில் அதே ஆயிரத்துச் சொச்சம் அப்படியே இருந்தது.

இப்படி அலைந்ததில் உன் குறிப்புகளைத் திறக்கவே நேரமில்லை. தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. அட்டவணையை மனப்பாடம் செய்கிறேன், ஆனால் 'இரண்டாவது வங்கி' என்று எழுதும்போதே கை நின்றுவிடுகிறது. நம்பாததை எழுதுவது எனக்கு வரவில்லை. இந்தத் தடவையும் போய்விடும் போலிருக்கிறது, சுபா. இதை அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா

---

கள்ளக்குறிச்சி
6 டிசம்பர்

அக்கா!

உன் கடிதத்தை நூலகத்தில் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நூலகர் என்னம்மா என்று கேட்டார். ஒன்றுமில்லை சார், என் அக்கா பணத்தை உருவாக்கியிருக்கிறாள் என்றேன். உட்காரும்மா என்றார்.

அக்கா, பழனி அண்ணனுக்குக் கொடுத்த பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? பெட்டியிலிருந்து வரவில்லை. ஜீப்பிலும் வரவில்லை. கம்மலை எடை போட்டுவிட்டு நீ பாஸ்புக்கில் எழுதினாய். எழுதுவதற்கு முன்னால் அந்தப் பத்தாயிரம் உலகத்தில் எங்கேயும் இல்லை. எழுதியதும் இருந்தது. அதைக் கொடுத்தால் தகரம் கிடைத்தது. தகரம் கிடைக்கும் என்றால் அது பணம்தானே? வங்கி கொடுக்கும் ஒவ்வொரு கடனும் ஒரு புது வைப்பை உண்டாக்குகிறது என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை நான் நூறு தடவை எழுதியிருக்கிறேன். நேற்றுத்தான் படித்தேன்.

சாலம்மாள் பயிர்க்கடனைக் கட்டினாளே, அப்போது அந்த ஐந்தாயிரம் எங்கே போனது? பெட்டிக்குப் போகவில்லை. இல்லாமல் போனது. கடன் கொடுத்தால் பணம் பிறக்கிறது, கடன் தீர்ந்தால் பணம் மறைகிறது. இது எங்கள் புத்தகத்தில்கூட இல்லை. உன் கடிதத்தில்தான் இருக்கிறது.

தீனதயாளன் சார் தொடக்கூடாது என்று வைத்திருந்த அந்த ஆயிரத்துச் சொச்சம்தான் ரொக்க இருப்பு. அன்றைக்கு நாலு பேர் ஒரே நேரத்தில், எழுத்து வேண்டாம் நோட்டுதான் வேண்டும் என்று நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதனால்தான் எழுத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது.

நீ எழுதிய ஜீப் விடையும் பொய் இல்லை. எல்லாரும் நோட்டாகவே எடுத்துக்கொண்டு போய்விடும் ஊரில் வங்கியால் எதையும் உருவாக்க முடியாது. ஜீப் வருகிறவரை உங்கள் சங்கம் ஒரு பெட்டி. ஜீப் வராத வாரத்தில்தான் அது வங்கி ஆனது. லட்சுமியம்மாள் மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். இந்தத் தடவை உன்னைப் பற்றிய எதையும் சொல்லவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர், "அந்த அட்டவணையைவிட இது நல்லா இருக்கே" என்றார்.

ஆனால் அக்கா, தயவுசெய்து அட்டவணையையும் எழுது. முதலில் அட்டவணை, அடியில் கோடு. மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. முதல் வங்கி என்று வரும் இடத்தில் மனதுக்குள் பழனி என்று சொல்லிக்கொள். இரண்டாவது இருசப்பன். மூன்றாவது சாலம்மாள். கை நிற்காது.

இன்னொன்று. நேற்று ரெப்போ விகிதத்தைக் கால் சதவீதம் குறைத்து ஐந்தேகால் ஆக்கியிருக்கிறார்கள். நடப்பு நிகழ்வு கேட்டால் எழுது. வீட்டில் சொன்னேன். "குஞ்சம்மாளுக்கு யாராச்சும் சொன்னாங்களா?" என்றாள் அம்மா.

21ஆம் தேதி ஞாயிறு, கள்ளக்குறிச்சியிலேயே தேர்வு மையம். வருவாய் அல்லவா?

சுபா

---

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு
21 டிசம்பர்

சுபா,

வெள்ளிமலை பஸ் இன்னும் எடுக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நாளை பள்ளி விட்டு வரும்போது வாங்கிக்கொள்.

கேள்வி வந்தது. இருபது மதிப்பெண், அதே வாசகம். அட்டவணை போட்டேன். அடியில் கோடு போட்டேன், ஸ்கேல் வைத்து. பிறகு 'எடுத்துக்காட்டு' என்று எழுதி, சாலை அடைபட்ட ஒரு மலைக்கிராமத்தின் கூட்டுறவுச் சங்கம் என்று ஆரம்பித்தேன். பெயர்களைப் போடவில்லை. விவசாயி, கடைக்காரர், தானியம் விற்ற பெண்மணி என்று மட்டும் எழுதினேன். இரண்டரைப் பக்கம் போனது. ஒரு வார்த்தையும் நான் நம்பாமல் எழுதவில்லை. அதனால் நேரம் போதவில்லை. கடைசியில் இரண்டு சிறு வினாக்களை விட்டுவிட்டேன். வட்டிக் கணக்கு ஒன்று வந்தது, வருடத்துக்குத்தான் போட்டேன்.

என்ன ஆகும் என்று தெரியவில்லை. திருத்துகிறவர் அட்டவணைக்குக் கீழே படிப்பாரா?

மையத்து வாசலில் உன்னைப் பார்த்தேன். கையில் தண்ணீர் பாட்டிலோடு எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் பக்கம் வரத்தான் காலை எடுத்து வைத்தேன். எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை ஓரமாக அப்பா, வண்டியை நிறுத்திவிட்டு, யாரோ ஒருவருக்காகக் காத்திருப்பதுபோல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை புதுச் சட்டை. நான் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். இன்னும் பாஸ் ஆகவில்லையே.

நீ சொல்லித்தானே வந்தார்? உன் வாயில் எதுவும் நிற்காது.

பஸ் எடுக்கிறார்கள்.

தனு

---

கள்ளக்குறிச்சி
19 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

இதை பஸ் ஸ்டாண்டு எதிரில் நெட் சென்டரின் மேஜையில் வைத்து எழுதுகிறேன். அய்யப்பன் அண்ணன் வெளியே ஜீப்பைக் கிளப்பி வைத்திருக்கிறார். தீனதயாளன் சார் உள்ளே எட்டிப் பார்த்து, இருட்டுவதற்குள் மலை ஏறவேண்டும், சீக்கிரம் என்கிறார். கடைக்காரர் ஒரு ரிசப்ஷனுக்குப் போகவேண்டுமாம். அதனால் வேகமாக எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

டிசம்பரில் அப்பாவிடம் நானாகச் சொல்லவில்லை. "உங்கக்காளுக்கு என்னிக்கிப் பரிச்ச?" என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

இன்று மதியம் முடிவு வந்துவிட்டது என்று லட்சுமியம்மாள் மிஸ் சொன்னார். பள்ளி விட்டு வெளியே வந்தால் வாசலில் அப்பா வண்டியோடு நிற்கிறார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. "ஏறு" என்றார். நேராக இங்கே வந்தோம். உன் பதிவெண்ணைப் போட்டோம். சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரர், "ஊரே பாக்குதுல்ல, அப்டித்தான் சுத்தும்" என்றார். அப்பா கணினியையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

அக்கா, நாற்பத்தொன்று.

நான் கத்திவிட்டேன். அப்பா பதறிப்போய், "இன்னா, இன்னா ஆச்சு? எவ்ளோ போட்டிருக்கான்?" என்றார்.

"நாப்பத்தொண்ணு அப்பா!"

"நூத்துக்கா?" அவர் முகம் விழுந்துவிட்டது. "நாப்பத்தொண்ணுன்னா... பாஸாடி அது?"

"நாப்பது எடுத்தா பாஸ் அப்பா."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்த எண் இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். "அப்ப ஒண்ணு ஜாஸ்தி எடுத்திருக்கறா."

"ஆமாப்பா."

"வோணும்ன்றதுக்கு மேலயே ஒண்ணு." இதைக் கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் தலையாட்டினார். பக்கத்துக் கணினியில் உட்கார்ந்திருந்தவரிடம், "என் பெரிய பொண்ணு. மேல சங்கத்துல இருக்கறா. பேங்கு பாடம். ரொம்பக் கஷ்டமான பாடம். நாப்பது போதும், இவ ஒண்ணு ஜாஸ்தி எடுத்திருக்கறா" என்றார். வெளியே போய் அய்யப்பன் அண்ணனிடமும் சொன்னார். தீனதயாளன் சார் கையைப் பிடித்துக்கொண்டு, "மார்ச்சுக்கு முன்னாடியே குடுத்துட்டமே சார், அந்த சர்டிபிகேட்டு" என்றார். நீ இன்னும் அதைக் கையிலேயே வாங்கவில்லை என்று நான் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. சார், "இத வெச்சே கடிதம் போட்டுடலாம், கவலைப்படாதீங்க" என்றார்.

மூன்று பிரதி எடுக்கச் சொல்லியிருக்கிறார் அப்பா. ஒன்று இந்தக் கடிதத்தோடு வருகிறது. ஒன்று வீட்டுக்கு. மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். "அப்பா, என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன். "வரச் சொல்லி எழுது" என்றார். உடனே, "வேணாம், வேணாம். நாம சொல்லியா வரணும் அவ?" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "நான் அன்னிக்கி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஜீப் ஹாரன் அடித்தது.

"ஞாயித்துக்கெழம மீனு வாங்கறேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். பக்கத்தில் வந்து குனிந்து, எழுதியிருக்கிறேனா என்று பார்க்கிறார். கண்ணாடி கொண்டுவரவில்லை, அவர் கண்ணுக்கு எழுத்து தெரியாது. வாசித்துக் காட்டச் சொல்கிறார்.

வாசித்தேன். "பெரிய மீனு" என்று சேர்க்கச் சொல்கிறார்.

இனி எழுத முடியாது. கடைக்காரர் லைட்டை அணைத்துவிட்டார்.